மனப்புண்ணும் மொழியும்: ஹூஸ்டனின் ஆவணப்படம் - ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

இரண்டாம் உலகப்போரில் மனநலம் குன்றித் தாயகம் திரும்பிய வீரர்களைப் பற்றி, அமெரிக்க இராணுவத்திற்காக ஜான் ஹூஸ்டன் இயக்கிய ஆவணப்படம் 'லெட் தேர் பி லைட்' (ஒளி உண்டாகுக). 1946இல் முடிவுற்ற இப்படத்தை இராணுவமே வெளியிடாது தடுத்தது. 1980இன் இறுதியில்தான் தடை நீங்கியது. நோயாளிகளின் தனிமையைக் காப்பதே காரணம் என்றது இராணுவம். போருக்குச் சென்றவன் வலிமை பெற்றே மீள்வான் என்னும் தொன்மத்தைப் படம் குலைத்ததே காரணம் என்றார் ஹூஸ்டன். இப்படத்தைத் தமிழாக்க முற்படுவோர் எதிர்கொள்ளும் மொழிச் சிக்கல்கள் வழியே அதன் தகுதியை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. இரு குரல்கள்

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டிலிருந்த மேசன் பொது மருத்துவமனையில் படம் எடுக்கப்பட்டது. போரில் பாதிக்கப்பட்டோருள் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர் மனநோய்க்கு ஆளானோர் என்னும் செய்தியுடன் அது தொடங்குகிறது. படத்தில் இரு மொழிநடைகள் உள்ளன. ஒன்று, இயக்குநரின் தந்தை வால்டர் ஹூஸ்டன் வழங்கும் விளக்கவுரை. முற்றுப்பெற்ற, ஐயமற்ற தொடர்களால் ஆனது. மற்றொன்று, மருத்துவர்முன் அமர்ந்த வீரர்களின் பேச்சு. திக்கலும் நீண்ட மௌனமும் முடியாத வாக்கியங்களும் நிறைந்தது.

திக்குவாய் கொண்ட வீரரொருவர் சோடியம் அமைட்டால் ஊசியின் மயக்கத்தில் தடையின்றிப் பேசுகிறார். தம்மால் பேச முடிகிறதென்று அவரே கதறுகிறார். ஸகர ஒலியே முதலில் அவரைத் தடுத்தது. எறிகுண்டு சீறிவரும் ஓசையை அது நினைவூட்டியது. ஓர் ஒலியன் அச்சத்தின் உறைவிடமாகிவிட்டதை இங்குக் காண்கிறோம். ஆங்கிலச் சொல்லில் ஸகரம் வருமிடத்தில் தமிழ்ச் சொல்லில் அது வாராது. ஆதலின் பொருளை மட்டும் பெயர்ப்பவர் நோயின் அடையாளத்தையே அழித்துவிடுவார். திக்கலைத் திருத்தி எழுதும் மொழிபெயர்ப்பு, வீரரின் குரலை விளக்கவுரையாளரின் குரலாக மாற்றிவிடும்.

2. பெயரும் பிணியும்

1915இல் சார்லஸ் மையர்ஸ் 'குண்டதிர்ச்சி' என்னும் பொருள்படும் சொல்லை மருத்துவ இதழில் பயன்படுத்தினார். இரண்டாம் போரில் 'போர்க்களைப்பு' வழங்கியது. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில், 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் கோளாறு' எனத் தமிழில் இன்று வழங்கும் பெயர் இடம்பெற்றது. படத்தின் தடை நீங்கியதும் அதே ஆண்டிலேயே என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழிலோ 'நரம்புத் தளர்ச்சி' என்னும் வழக்கு நோயை உடலின்மேல் ஏற்றிவிடுகிறது. சங்க மரபு மார்பில் ஏற்றதை விழுப்புண் எனப் போற்றியது, புறப்புண்ணை நாணத்திற்குரியதாக்கியது. கண்ணுக்குப் புலப்படாத புண் இவ்விரண்டனுள் எதிலும் அடங்காது. அதற்கு நாம் இடும் பெயர், அவ்வீரனைக் கோழையென்பதா காயமுற்றவன் என்பதா என்பதைத் தீர்மானிக்கிறது. 'மனப்புண்' என்னும் எளிய ஆட்சி, கோளாறு என்பதைவிட நேர்மையானது எனலாம்.

3. ஏக்கநோய்

படத்தின் உயர்ந்த பகுதி, கறுப்பின வீரர் ஒருவரின் நேர்காணல். காதலியின் நிழற்படம் வந்தபோது தாம் உடைந்து அழுததை நினைவுகூரும் அவர், மருத்துவர்களின் தொழிலில் அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் போலும் என்கிறார். இச்சொல்லைப் 'பழைய நினைவு' எனப் பெயர்ப்பது பிழை. 1688இல் ஜோஹானஸ் ஹோஃபர் இதனை ஒரு நோயின் பெயராகவே ஆக்கினார். பின்னர்ப் படைவீரர்களின் ஊர் ஏக்கத்திற்கு மருத்துவர்கள் இதனை வழங்கினர். தம் அழுகையை மறைக்க வீரர் மருத்துவரின் சொல்லைக் கடன் வாங்குகிறார். அக இலக்கியத்தில் 'நோய்' பிணியையும் பிரிவுத்துயரையும் ஒருங்கே குறிக்கும். முல்லைப்பாட்டின் பாசறையில் மன்னனும் துயிலின்றிக் கிடக்கிறான். எனவே 'ஏக்கநோய்' என்பது மூலச்சொல்லின் இரு முகங்களையும் ஏற்கவல்லது.

1948இல் இராணுவம் நடிகர்களைக் கொண்டு இதனை வேறொரு படமாக எடுத்தபோது கறுப்பின வீரர்கள் அதில் இடம்பெறவில்லை. இழந்தது ஒரு முகம் மட்டுமன்று, இச்சொல்லாட்சியுமாகும்.

4. முடிவுரை

படத்திற்குக் குறையும் உண்டு. நடக்கவியலாதவர் ஊசிக்குப்பின் எழுந்து நடப்பது அற்புதம்போல் காட்டப்படுகிறது. நடை திரும்பியது முழுநலமன்று என விளக்கவுரை கூறினும், காட்சியின் வன்மை அதனை மறைத்துவிடுகிறது. வீடு நோக்கிச் செல்லும் பேருந்துடன் படம் முடிகிறது. வீட்டில் நேர்ந்தது யாது என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. எனினும், வீரர்களின் தடுமாற்றத்தை வெட்டாமல் கேட்கவைத்தமை அதன் நிலைபேறான சிறப்பு. மொழிபெயர்ப்பாளர் காக்கவேண்டியதும் அத்தடுமாற்றத்தையே.