பகுத்தலும் பிரித்தலும்: ப்ரணவ வியாக்கியானத்தில் ஒரு சொல்லாராய்ச்சி

ஒன்றைப் பலவாக்குவதைக் குறிக்க உடைத்தல், பிரித்தல், பகுத்தல் எனத் தமிழில் சொற்கள் பல உள. இவை ஒருபொருட்சொற்கள் அல்ல. உடைத்தலில் முழுமை அழியும். பிரித்தலில் கூடியிருந்தவை ஒன்றைவிட்டு ஒன்று அகலும். பகுத்தலிலோ, பொருள் நின்ற நிலையிலேயே நிற்க, அறிவு அதன் கூறுகளைக் காணும். நன்னூலார் உறுப்புகளாக ஆராயத்தகும் சொல்லைப் பகுபதம் என்றது இங்கு நோக்கத்தக்கது.

பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற விருத்தாசலத்தில் இவ்வேறுபாடு கண்கூடு. சுடாத களிமண்ணைப் பிடிபிடியாகப் பிரித்தாலும் நீர்விட்டுப் பிசைந்து ஒன்றாக்கலாம். சூளையில் வெந்த கலம் உடைந்தால் மீண்டும் களிமண்ணாகாது. இது மண், இது வடிவு என்று பகுத்துணர்பவனோ கலத்தைச் சிதைப்பதே இல்லை. சாந்தோக்யம் 6ஆம் அத்யாயத்தில் உத்தாலகர் ச்வேதகேதுவுக்கு மண்ணை த்ருஷ்டாந்தமாக்கியதும் இவ்வகை அறிவுக்கே.

இக்காலத்து எளிய உரைகளில், ப்ரணவத்தை அகாரம், உகாரம், மகாரம் எனப் பிரிப்பதாக எழுதும் வழக்கம் காணப்படுகிறது. இதில் குறை இரண்டு.

முதலாவது: அகாரம் எம்பெருமானையும் மகாரம் ஜீவனையும் உணர்த்தும். உகாரம் ஜீவன் பிறர்க்கு உரியவனாதலைக் கழிக்கும். ஆயினும் ஜீவன் எம்பெருமானுக்குச் சேஷன் என்பதைத் தருவது அகாரத்தின்மேல் மறைந்து நிற்கும் நான்காம் வேற்றுமையே. எழுத்துகளைத் தனித்தனியே எடுத்துவைப்பார்க்கு அவ்வேற்றுமை எதிலும் அகப்படாது. இருவரும் கிடைப்பர், உறவு கிடையாது.

இரண்டாவது: அருளிச்செயல் வியாக்கியானங்களில் பிரிவென்பது விச்லேஷம், ஆழ்வார் நாயகியாய்த் துடிக்கும் நிலை. அதுவும் அநுபவத்தில் நேரும் இடையறவேயன்றி ஸ்வரூபத்தில் நேர்வதன்று. சரீரமும் ஆத்மாவும் போல ஜீவனும் ஈச்வரனும் அப்ருதக்ஸித்தம் என்பதன்றோ ஸித்தாந்தம்? அவ்வுறவைச் சொல்லவந்த ப்ரணவத்தின் உரையிலேயே பிரித்தல் என்னும் சொல்லை இடுவது பொருந்துமாறில்லை.

பாசுரங்களில் பதம் பிரிக்கிறோமே எனின், அங்கே தனிப்பதங்கள் ஸந்தியால் கூடியுள்ளன. வாதிகேஸரி அழகியமணவாள ஜீயரின் பன்னீராயிரப்படியைக் கொண்டு திருவாய்மொழி கற்பார், பதங்களுக்குத் தனித்தனியே பொருள் கண்டு, அந்வயத்தால் அவற்றைக் கூட்டிக்கொள்வர். பச்சைமண்ணைப் போல, மீண்டும் கூட்டுதல் உள்ளவிடத்துப் பிரித்தல் தகும்.

ப்ரணவத்தில் அகற்றவேண்டுவது ஒன்றுமில்லை; உணரவேண்டுவதே உள்ளது. ஆதலின் அங்குப் பகுத்தல் என்னும் சொல்லே தகுவது. உரைகாரர் இதைப் பேணின், கற்பவன் மூன்றெழுத்தை எண்ணுவதோடு நில்லாது, தான் யாருக்கு உரியவன் என்பதையும் அறிவான்.