வயிற்றுவலியா காரணம்?

வயிற்றுவலி தாளாமல் இளம்பெண் உயிர் துறந்தாள் என்ற செய்தியைப் படிக்காத தமிழர் உண்டோ? நாலைந்து சொற்களில் ஒரு வாழ்வு முடிகிறது, ஏட்டில் பதிகிறது, கோப்பும் மூடப்படுகிறது. பருவப் பெண்களையே தேடிப்பிடித்துத் தாக்கும் அந்த விந்தையான வயிற்றுவலி எந்த மருத்துவ நூலில் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

கேட்டவர்கள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர். அவர்களது ஆய்வுரை 2004ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. இரண்டே பக்கம். தூசி படிய நாம் அடுக்கி வைத்திருக்கும் தடித்த ஆய்வேடுகள் பலவற்றுக்கு அந்த இரு பக்கத்தின் கனம் கிடையாது.

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரம். மக்கள் ஏறத்தாழ 1,08,000 பேர். 1992 முதல் 2001 வரை பத்தாண்டுகள், 10 முதல் 19 வயது வரையிலான இளையோரின் சாவுகளை ஆராய்ந்தார்கள். ஆண்டுக்கு இலட்சம் பெண்களில் 148 பேர், இலட்சம் ஆண்களில் 58 பேர், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டனர் எனத் தெரிந்தது. இளைஞர் சாவுகளில் கால்பங்கு. பெண்களின் சாவுகளிலோ பாதி முதல் முக்கால் பங்கு வரை! காய்ச்சலும் காமாலையும் பின்னே நிற்க, வீடே முன்னே வந்து நிற்கிறது.

அரசின் பதிவேட்டில் இது ஏன் அகப்படவில்லை? அங்கே கேள்வி கேட்பவர் காவலர். தற்கொலை முயற்சி அன்று தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவுப்படி குற்றம். பிழைத்தால் வழக்கு, மாண்டால் விசாரணை. அதற்கு மேல் ஊர் வாய் வேறு, அடுத்தவளுக்கு மாப்பிள்ளை அமையாதே என்ற கவலை வேறு. வாய் மூடிக்கொள்ளாமல் என்ன செய்யும்? (309இன் முனை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தால் மழுங்கியது, 2024இல் புதிய தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோது அப்பிரிவே மறைந்தது. ஊர் வாய்க்கு விலக்குச் சட்டம் எவரும் இயற்றவில்லை.) வேலூரார் லத்தியோடு போகவில்லை. ஊரிலேயே வாழும் நலப்பணியாளர் வழியே சாவை அறிந்து, வீட்டாரிடம் பரிவோடு பேசி, காரணத்தைத் தெளிந்தார்கள். இம்முறையின் வலிமையை நாடளவிலும் காணலாம்: 2010இல் காவல்துறைக் கணக்கு 1,34,599 தற்கொலைகள்; வீடுகளில் கேட்டறிந்த ஆய்வின் மதிப்பீடு ஏறத்தாழ 1,87,000.

இவ்வளவும் பாராட்டுக்குரியது. ஆயினும் காரணங்களைச் சொல்லும் இடத்தில் நாம் நின்றுவிடுகிறோம். குடும்பப் பூசல், நிறைவேறாக் காதல் என்கிறது ஆய்வுலகம். பூசல் என்றால் இருவர் மோதுவது. பள்ளியை நிறுத்தி, அவளைக் கேளாமலே நாள் குறித்து, மறுத்தால் கை ஓங்கும் இல்லத்தில் நடப்பது பூசலா? காதல் தானாகவா நிறைவேறாமல் போயிற்று? நிறைவேற விடாதவர் யார்? அந்தத் தொடருக்குள் சாதி சௌகரியமாக ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது. வரதட்சணைக்கும் இடமிருக்கிறது.

எண்ணுவதே எங்கள் தொழில் என்பர் மருத்துவர். எண்ணட்டும்! ஆனால் பெயர் தெளிந்த இடத்தில்தான் மருந்தும் பிறக்கிறது. தேர்வில் தோல்வி என்ற காரணத்தைப் பாருங்கள். அது மழுப்பலின்றிச் சொல்லப்பட்டது. தோற்ற பாடத்தை ஓராண்டு காத்திராமல் அதே ஆண்டிலேயே எழுதித் தேறும் துணைத்தேர்வு தமிழ்நாட்டில் வந்தது. குடும்பப் பூசலுக்கு எந்த அமைச்சர் என்ன ஆணை பிறப்பிப்பார்?

ஆகவே அடுத்த ஆய்வுக்குப் புறப்படுவோர் தம் வினாத்தாளில் இன்னும் சில வரிகள் சேர்க்கவேண்டும்: படிப்பை நிறுத்தியவர் யார்? மணம் பேசியவர் யார், கேட்ட தொகை எவ்வளவு? அவள் விரும்பியவன் என்ன சாதி? வீட்டார் சொல்லமாட்டார்கள் என்பீர்கள். வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களும் அதே வீட்டார்தாம்; அவர்களைக் கணியம்பாடியில் பேச வைத்தீர்களே!