ஒருத்தி கூற்றில் மூவர் நாடகம்

கலித்தொகையுள் குறிஞ்சிக்கலி 29 பாட்டுக்களை உடையது. அவற்றுள் தமிழ் கற்றார் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது நூலின் 51-ஆம் பாட்டே. மணற்சிற்றிலைக் காலாற் சிதைத்துத் திரிந்தவன் நீர்வேட்கை கூறி வீட்டு வாயிலுக்கு வந்த நிகழ்ச்சியைத் தலைவி தோழிக்கு உரைப்பதாக அமைந்த அப்பாட்டு, பாடநூலிலும் நாட்டிய மேடையிலும் கல்லூரி விழாக்களிலும் பலகாலமாகப் பயின்று வருகின்றது. பயிற்சி மிகுந்த பாட்டுக்கு ஓர் இடர் உண்டு. கதை தெரிந்துவிட்டமையின் சொற்களை மீண்டும் எண்ணிப் பார்ப்பார் அருகிவிடுகின்றனர். அப்பாட்டை நடிப்போர் சொற்களை விட்டுக் கதையை நடிக்கின்றனர் என்பதும், அதனாற் பாட்டின் உயிர்நிலை மறைந்துபோகின்றது என்பதும் ஈண்டு யாம் கூற விரும்புவன.

யாம் கண்ட மாணவர் நாடகங்கள் பெரும்பாலும் ஒரே முறையின. மேடையின் மூலையில் தலைவியும் தோழியும் அமர்வர். தலைவி இரண்டடி கூறியதும் விளக்கு மாறும். நடுமேடையில் தாயும் இளைஞனும் தோன்றுவர். தலைவியும் எழுந்து சென்று அவர்களோடு கலந்துகொள்வாள். பொற்கலம் வரும், கை பற்றப்படும், தாய் ஓடிவருவாள், இளைஞன் பெரிதாக விக்குவான், அவையில் நகை எழும். தோழி இருட்டில் இருப்பாள். அவள் அங்கு இருந்தாள் என்பதையே அவையோர் மறந்துவிடுவர்.

இம்முறையில் குற்றம் யாது என வினவலாம். பாட்டில் உள்ளனவெல்லாம் மேடைக்கு வந்துவிட்டனவே என்பர். வந்தன, பாட்டில் இல்லாத ஒன்றும் உடன் வந்துவிட்டது. பாட்டில் விக்கல் இல்லை. விக்கினான் என்று தலைவி கூறிய சொல்லே உண்டு. அவன் அதற்கு இயைய நடித்தானா, திகைத்து நின்றானா என்பதைப் பாட்டுக் கூறவில்லை. மேடையில் இளைஞன் விக்கிக் காட்டும்போது தலைவியின் பொய்யை அவனும் பங்கிட்டுக்கொள்கின்றான். அதன் சுமை பாதியாகக் குறைகின்றது. பாட்டிலோ அப்பொய் முழுதும் அவளுடையது.

நாடக வழக்கும் உலகியல் வழக்கும் தழுவிய புலனெறி வழக்கத்திற்குக் கலியும் பரிபாட்டும் உரியன என்றார் தொல்காப்பியர். நாடகம் என்னும் அச்சொல் ஒன்றையே பற்றிக்கொண்டு, கலிப்பாட்டுக்கள் பண்டு அரங்கில் நடிக்கப்பெற்றன என்று துணிவாரும் உளர். அத்துணிவு மிகை. சுவைபட வருவனவற்றை ஓரிடத்து நிகழ்ந்தனவாகத் தொகுத்துக் கூறுதலே ஆண்டு நாடக வழக்கு என்பது இளம்பூரணர் கொண்ட பொருள். நமக்கு அதனினும் பயன்படுவது செய்யுளியல். கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பனவற்றைச் செய்யுளின் உறுப்புக்களாகவே ஆசிரியர் எண்ணுகின்றார். கேட்போர் செய்யுளுக்குப் புறம்பானவர் அல்லர். அடியும் தொடையும் போல உறுப்பாவர். ஆகவே தோழியை இருட்டில் அமர்த்துதல் பாட்டின் உறுப்பொன்றைக் குறைத்தலாகும். இப்பாட்டை ஒருத்தியே கூற வேண்டும், அதுவும் கேட்பாள் ஒருத்தியின் முகம் நோக்கிக் கூற வேண்டும் என்பது எம் கருத்து.

இனிச் சொற்களுக்கு வருவோம். தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் எனப் பகுத்து நிற்கும் அமைப்பு இதன்கண் இல்லை. 16 அடியும் எச்சத்தின்மேல் எச்சமாக ஓடுகின்றன. தொடக்கத்தில் மூன்று குறும்புகள் வருகின்றன: சிற்றில் சிதைத்தது, சூடிய கோதையை அறுத்தது, வரிப்பந்தைக் கவர்ந்தோடியது. இம்மூன்றும் கூறிய பின்னரே இவற்றைச் செய்பவன் இன்னான் என்னும் பெயர் வருகின்றது. தோழி அதுவரை காத்திருத்தல் வேண்டும். சொல்பவளோ அப்பெயரை நாவின்கண் வைத்துக்கொண்டே காலம் தாழ்க்கின்றாள். இத்தாழ்ப்பை நடிப்பவர் உணர்ந்தாலன்றித் தொடக்கம் வெறும் முன்கதையாய்ப் போய்விடும்.

இக்குறும்புகள் எக்காலத்தன? பலரும் இவற்றைத் தொலைவான குழந்தைப் பருவத்தன என்றும், வந்தவன் பல்லாண்டு கழித்து வளர்ந்து வந்தவன் என்றும் விரித்துரைப்பர். பாட்டில் அத்துணை இடைவெளி இல்லை. நாம் ஆடிய என்று தலைவி கூறவில்லை, ஆடும் என்கின்றாள். அவன் செய்த என்னாது, செய்யும் என்கின்றாள். செய்யும் என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம் இறந்தகாலம் காட்டாமை மாணவர் அறிந்ததே. ஆகவே சிற்றில் இழைக்கும் பருவம் இன்னும் முற்றக் கழிந்திலது. முன்னொரு நாள் நிகழ்ந்தது என்று அவள் கூறும் நிகழ்ச்சியும் அப்பருவத்தின் எல்லையிலேயே நிகழ்ந்தது. நடுத்தர வயதினள் ஒருத்தி தன் இளமையை நினைந்து நகுவதுபோல இதனைச் சொல்லுதல் பொருந்தாது. சொல்பவளுக்கு நிகழ்ச்சி இன்னும் ஆறவில்லை.

நீர் என்பதற்கு முன்னே உண்ணுதற்குரியது என்னும் அடை புணர்ந்த ஒரே தொடர், இப்பாட்டில் மூன்று வாயிலிருந்து வருகின்றது. இளைஞன் கேட்கும்போது வருகின்றது. தாய் ஏவும்போது வருகின்றது. மகள் பொய் கூறும்போது வருகின்றது. மூன்றும் அடியின் முதற்கண்ணே நிற்கின்றன. அவன் வாயில் அது சாக்கு. தாய் வாயில் விருந்தோம்பல். மகள் வாயில் மறைப்பு. நடிப்பவள் ஒருத்தியாயின் அம்மூன்று இடத்தையும் ஒரே குரலால் வேறுபடுத்திக் காட்டுதல் வேண்டும். மூவர் நடித்தால் இவ்வொற்றுமை கேட்பார் செவிக்கு எட்டுவதில்லை. மூன்று குரலில் வரும் ஒரு தொடர் மூன்று தொடராகிவிடுகின்றது. தாய் தந்த சொல்லைக்கொண்டே தாயை மறைக்கின்றாள் மகள் என்பது ஒரு குரலில்தான் தெளியும்.

வந்தவனுக்கு நீர் தருமாறு தாய் ஏவியதும், மறுக்கவொண்ணாத விருந்தாக அவனைக் கொள்ளும் வழக்கம்பற்றியே. உணவுக் காலத்தே வந்து எதிர்ப்படும் அத்தகைய விருந்தினனைக் களவியல் கூறுகின்றது. பழைய உரைமரபு இப்பாட்டை அத்துறைக்கே காட்டாக்கும். இதனைப்பற்றி மேலும் விரித்தல் வேண்டா.

பாட்டின் நடு, கை பற்றிய இடம். இவ்விடத்தை மேடையிலும் வகுப்பிலும் விளையாட்டாகவே காட்டி வந்துள்ளோம். அண்மைக்காலத்து மாணவியர் சிலர் இதனை மறுத்து வினவுகின்றனர். இசைவு பெறாது ஒருத்தியின் கையைப் பற்றி வருத்துதல் காதலாமா, அதனை அழகெனப் பாராட்டுதல் தகுமா என்பது அவர் வினா. களவொழுக்கத்தின் மரபு அறியாதார் வினா என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது, ஒதுக்குதல் நேர்மையன்று. பாட்டே இவ்வினாவை எழுப்பியிருக்கின்றது. பற்றினான் என்று மட்டும் அவள் கூறவில்லை. நலிவு செய்தான் என்கின்றாள். தான் சுழன்று தடுமாறியதையும் கூறுகின்றாள். தாயை விளித்துக் கூவியது நாணத்தின் நடிப்பன்று, அச்சமே. இவ்விடத்தில் முறுவலோடு கூவும் நடிகை பாட்டைப் பொய்யாக்குகின்றாள். அச்சம் மெய்யாக இருந்தால்தான் அதனை அடுத்து வரும் பொய்க்கு மதிப்பு உண்டு.

அக்கூவலின் சொற்களை நோக்குக. இவன் செய்ததைப் பார் என்ற அளவே அவள் கூறினாள். செய்தது யாது என்று கூறவில்லை. அங்கே ஒரு வெற்றிடம் நின்றது. தாய் அலறிக்கொண்டு வருகின்றாள். அவள் வந்து சேர்வதற்குள் அவ்வெற்றிடத்தை நிரப்பும் உரிமை முழுதும் மகளிடம் உள்ளது. கையைப் பற்றினான் என்று நிரப்பினால் அவன் அன்றே அழிவான். விக்கினான் என்று நிரப்பினால் தப்புவான். ஒரு கணத்துக்கு முன் அவன் பிடிக்குள் அவள் இருந்தாள். இப்போது அவள் சொல்லுக்குள் அவன் இருக்கின்றான். இம்மாற்றமே நாடகம். இதனால் அவன் செய்தது சரியாகிவிட்டது என்று யாம் கூறவில்லை. அவனைக் காட்டிக்கொடுப்பதும் விடுவதும் அவள் கையில் இருந்தன, அவள் விடுத்தாள் என்பதே பாட்டுக் கூறுவது. இசைவு என்று ஒன்று இப்பாட்டில் உண்டாயின், அது அவன் கைபற்றிய இடத்தில் இல்லை. அவள் பொய் கூறிய இடத்தில் உள்ளது.

இவ்வுரை ஏற்கப்படின் நடிப்பவர்க்கு இரண்டு கட்டுப்பாடு எழுகின்றன. ஒன்று, கூவும்போது அவள் தன் மணிக்கட்டைச் சுட்டிக் காட்டுதல் கூடாது. சுட்டினால் வெற்றிடம் அடைபட்டுப் பொய்க்கு இடமில்லாது போகும். யாம் கண்ட ஆடல் ஒன்றில் ஆடுபவர் தாயிடம் கையை நீட்டிக் காட்டிய பின்னர் விக்கல் என்று அபிநயித்தார். அத்தாய் அறிவிலியாகத் தோன்றினாள். மற்றொன்று, கூவலுக்கும் பொய்க்கும் இடையே அமைதி வேண்டும். எத்துணை அமைதி என்பதை நூல் கூறாது. எம் முதுகலை வகுப்பில் மாணவி ஒருவர் அவ்விடத்தில் நெடுநேரம் நிறுத்தி, எதிரில் இருந்த தோழியை ஏறிட்டு நோக்கிவிட்டுப் பின்னர் அச்சொல்லை மெல்லக் கூறினார். தாய்க்குக் கூறிய பொய் தோழிக்கு முதன்முறையாக உண்மையாய் வெளிப்பட்டது. அதுவரை அவ்விடத்தை அங்ஙனம் யாம் கேட்டதில்லை.

அடுத்துத் தாய் அவன் முதுகைப் பலகாலும் தடவுகின்றாள். நிற்கும் இடத்தை எண்ணிப் பார்த்தால் புலவர் திறன் விளங்கும். முதுகைத் தடவுபவள் அவன் பின்னோ பக்கத்தோ நிற்றல் வேண்டும். அவன் முகம் அவளுக்குத் தெரியாது. எதிரே நிற்கும் மகளுக்கே தெரியும். கடைக்கண்ணால் கொல்வான்போல் பார்த்ததும் நகை செய்ததும் அவ்வொருத்தி கண்ட காட்சிகள். மேடையில் இளைஞன் உண்மையாகவே நிற்பானாயின் அந்நகையை அவையோர் முந்நூறுபேரும் காண்பர். பிறர் காணாதது ஒன்று அங்கு இல்லையாகிவிடும். கூற்றாகக் கேட்கும்போதோ அந்நகைக்கு அவள் சொல்லன்றி வேறு சான்று இல்லை. அவன் நோக்கம் கொல்வது போன்றதா, நன்றி கூறுவதா, வென்றோம் என்னும் செருக்கா? கொல்வது போன்றது என்பது அவள் படித்த பொருள். அவள் படித்ததையே நாமும் படிக்கின்றோம். நகைக்கு இளமையும் எள்ளலும் நிலைக்களம் ஆம் என்னும் மெய்ப்பாட்டியல் கொண்டு இரண்டையும் ஈண்டுப் பொருத்தலாம். யாம் இளமையை மிகுதியாகவும் எள்ளலைச் சிறிதாகவும் கொள்வோம். பிறர் மாற்றிக் கொள்ளினும் தடையில்லை.

தொடக்கத்தில் அவனுக்கு இட்ட பெயர் கட்டுக்கடங்காத சிறு விலங்கை நினைப்பிப்பது. இறுதியில் இட்ட பெயர் கள்வன் மகன் என்பது. முன்னது பந்தைக் கொண்டோடியவனுக்குப் பொருந்தும். பின்னது பந்தினும் பெரியதொன்றைக் கொண்டோடியவனுக்கு. வினை முன்னும் எழுவாய் பின்னுமாக நிற்கும் அவ்விறுதி அடியில், வைதல் அவன் மீதோ அவன் தந்தை மீதோ என்று ஆராய்ந்து காலம் கழித்தாரும் உளர். உலக வழக்கில் உவகையாலும் வைவர் என்பதை அவர் மறந்தனர் போலும். ஆயினும் அச்சொல்லைக் கொஞ்சலாக இழைத்துக் கூறுதல் ஆகாது. சினத்தின் ஒலி அதில் எஞ்சி நிற்றல் வேண்டும். கை நொந்தவள் கூறுவது அது.

ஆங்கில இலக்கியத்து இவ்வகைப் பாட்டுக்குப் பிரௌனிங் 1842-இல் வெளியிட்ட பெர்ராராக் கோமகனின் கூற்றை எடுத்துக்காட்டுவர். இறந்த மனைவியின் ஓவியத்தைத் திரை நீக்கிக் காட்டும் அக்கோமகன், தன்னைப் புகழ்வதாக எண்ணித் தன் கொடுமையைத் தானே வெளிப்படுத்துகின்றான். கேட்கும் தூதன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. தோழியும் பேசுவதில்லை, ஒப்புமை அவ்வளவே. கோமகன் தான் வெளிப்படுத்துவதை அறியான். நம் தலைவி அறிவாள். அவன் என்று அறியாமலே சென்றேன் என்று நடுவில் அவள் கூறுவது இதற்குச் சான்று. கேளாத வினாவுக்கு விடை அது. அறியாமற் சென்றது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் அதனைத் தோழிக்குச் சொல்ல வேண்டிய தேவை ஒன்று இருந்தது. கூவியபோதும் யாரோ ஒருவன் என்ற அளவிலேயே அவனைச் சுட்டினாள். பந்தைப் பறித்தவனை அவளுக்குத் தெரியாதா? தாயிடம் தெரியாதவனாக்கியவனைத் தோழியிடம் தெரிந்தவனாகத் தொடங்கி முடிக்கின்றாள்.

ஆதலின் இக்கூற்றின் பயன் கதை சொல்லுதல் அன்று. தோழியைத் தன் பொய்க்கு உடந்தையாக்குதல். தோழியை ஒளிரும் தொடியினாய் என்று அவள் முதலில் விளித்தாள். அவன் பற்றியதும் வளையணிந்த முன்கையையே. விளி வெற்று அணியன்று என்று யாம் எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணம். தோழியாக அமர்பவர் இறுதிச் சொல்லுக்குப் பின் நகுதல் வேண்டுமா, கவலையுறுதல் வேண்டுமா என்று மாணவியர் எம்மை வினவியதுண்டு. விடை கூறும் அடி ஒன்று அப்பாட்டில் இல்லை. அவள் முகம் விளக்கொளியில் இருக்கட்டும் என்று மட்டும் கூறினோம்.