முகப்பும் முகமும்

கட்டடத்தின் முன்புறத்தை நம் மொழி 'முகப்பு' என்கிறது. முகம் என்னும் சொல் அதற்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. இன்று பெருநகரங்களில் அம்முகத்தின்மேல் மின்னணுத் திரைகள் ஏறிவிட்டன. அவை நமக்கு எதைக் காட்டுகின்றன என்பதோடு, நம்மை யாராகக் கருதுகின்றன என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். அமெரிக்க நாட்டின் இரு நகரங்களிலுள்ள படைப்புகளை அருகருகே வைத்து நோக்குவது இதற்குத் துணைசெய்யும்.

முதலாவது, நியூயார்க்கின் 'ஒன் டைம்ஸ் ஸ்கொயர்' கட்டடம். ஒரு நாளிதழின் அலுவலகமாக எழுப்பப்பட்டது அது. 1928ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலின் முடிவை, அதன் சுவரைச் சுற்றி ஓடிய மின்விளக்கு எழுத்துகள் தெருவில் கூடியிருந்த மக்களுக்கு அறிவித்தன. அன்று அச்சுவர் குடிமக்களோடு பேசியது. 1995இல் கட்டடத்தை வாங்கிய நிதி நிறுவனமோ, உள்ளே குடியிருப்போரைத் தேடுவதைவிட வெளிச்சுவரை விளம்பரங்களுக்கு வாடகைக்கு விடுவதே ஆதாயம் எனக் கண்டது. அதன்பின் பல்லாண்டுகள் மாடிகள் பெரும்பாலும் வெறுமையாய்க் கிடக்க, வெளிப்புறம் மட்டும் ஒளிர்ந்தது. வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி நம் ஆண்டவர் கூறியது இங்கே நினைவுக்கு வராமல் இல்லை. உள்ளே மனிதர் இல்லை; வெளியே நிற்பவரும் அந்தச் சுவருக்கு வாங்குவோர் மட்டுமே.

இரண்டாவது, சிகாகோவின் மில்லெனியம் பூங்காவில் 2004இல் திறக்கப்பட்ட 'கிரவுன் நீரூற்று'. பார்சிலோனாவில் பிறந்த சிற்பி ஜவுமே பிளென்சாவின் படைப்பு. கண்ணாடிச் செங்கற்களால் ஆன, 50 அடி உயரமுள்ள இரு கோபுரங்கள் எதிரெதிரே நிற்கின்றன. நடுவே, கால் நனையும் அளவே நீர் பரவிய கறுப்புக் கல் தளம். கோபுரங்களின் உட்புறமுள்ள எல்.இ.டி. விளக்குகள் சுமார் 1,000 சிகாகோவாசிகளின் முகங்களை மாறி மாறிக் காட்டுகின்றன. பல இனத்தவர், பல வயதினர். கண் இமைக்கிறது; இதழ் மெல்ல விரிகிறது. பின்பு வாய் குவிய, கோடைக்காலங்களில் அங்கிருந்து நீர் பீறிட்டுப் பாய்கிறது. அதற்காகவே சிறுவர்கள் கீழே காத்திருக்கிறார்கள்.

இடைக்காலப் பேராலயங்களின் கூரை விளிம்பில் வாய்வழியே மழைநீரை உமிழும் கல்லுருவங்கள் உண்டு. பிளென்சாவின் முகங்கள் அம்மரபின் வழிவந்தவை. ஆனால் அங்கே கோர விலங்குகள் அமர்ந்த இடத்தில் இங்கே சாதாரணக் குடிமக்கள் வீற்றிருக்கிறார்கள். அவர்கள் எதையும் விற்கவில்லை. சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில் வெரோனிக்காவின் துணியில் பதிந்த திருமுகத்தின் முன் நாம் நிற்கிறோம். அங்கே நாம் செய்வதெல்லாம் பார்ப்பது ஒன்றே. அத்தகைய பார்வையை ஒரு நகரத்தின் நடுவே சாத்தியமாக்கியது இப்படைப்பின் பெருஞ்சிறப்பு. மேலே உள்ள முகத்தைக் கண்டவர், நனைந்தபடி அருகில் நிற்கும் அந்நியரின் முகத்தையும் காண்கிறார். அங்கே அடுத்திருப்பவர் வெளிப்படுகிறார்.

குறைகளும் இல்லாமல் இல்லை. அம்முகங்கள் பேசுவதில்லை, அவற்றின்கீழ் பெயரும் இல்லை. சுமார் 1 கோடியே 70 இலட்சம் டாலர் செலவில் 1 கோடியை வழங்கிய குடும்பத்தின் பெயரோ நீரூற்றுக்கே சூட்டப்பட்டுள்ளது. கொடை பாராட்டுக்குரியதே. ஆயினும் முகம் தந்தவர் பெயரற்றுப் போக, பணம் தந்தவர் பெயர் நிலைப்பதை நாம் இயல்பென்று எடுத்துக்கொள்வது சரியாகுமா?

2006ஆம் ஆண்டின் இறுதியில் நடந்தது இன்னும் கருதத்தக்கது. கோபுரங்களின் உச்சியில் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டிருப்பதை மக்கள் கண்டனர். எதிர்ப்பு எழுந்தது, கேமராக்கள் அகற்றப்பட்டன. பாதுகாப்புக்காக என்றே அவை வைக்கப்பட்டன. நகரெங்கும் கேமராக்கள் இருக்க, இங்கே மட்டும் மக்கள் ஏன் பொறுக்கவில்லை? தங்களை அன்போடு பார்ப்பதாக நம்பிய முகத்தின் பின்னால், தங்களைச் சந்தேகிக்கும் ஒரு கண் இருந்ததே காரணம் என நாம் கருதுகிறோம். கலை அவர்களுக்குக் கற்றுத் தந்த வேறுபாடு அது.

இறைச்சாயலாகப் படைக்கப்பட்ட மனிதரை ஒரு சுவர் வாங்குவோராகவும், இன்னொன்று சந்தேகத்துக்குரியவராகவும், வேறொன்று அடுத்திருப்பவராகவும் காண இயலும். கருவி ஒன்றே, அதை ஆள்வோரின் மனமே வேறு. நகரத்தின் சுவர்களை யார் ஆள்கிறார்கள் என்பது, ஆகவே, திருச்சபையின் பிள்ளைகளாகிய நமக்கும் உரிய கேள்வி.