மணலுக்கு நன்றி, சட்டாம்பிள்ளைக்கு இல்லை

ஒரு புராஜெக்ட் வேலையாக எடின்பரோவில் ஆறு மாசம் இருந்தேன். பள்ளிக்கூட லீவில் மனைவியும் வந்திருந்தார். நாமக்கல் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு சனி, ஞாயிறு செயின்ட் ஆண்ட்ரூஸ் போய் வரலாம் என்று கிளம்பினோம். அந்த ஊருக்கு ரயில் கிடையாது. லூக்கர்ஸ் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்கணும். கோல்ஃபின் தாய்வீடு என்று உலகமே சொல்கிற கடற்கரை ஊர். எனக்கு கோல்ஃப் மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. 1410 வாக்கில் தொடங்கிய பல்கலைக்கழகம், இடிந்துகிடக்கும் பேராலயம், கடல் இதெல்லாம் பார்க்கலாம் என்பதுதான் திட்டம்.

சனிக்கிழமை மத்தியானம் சவுத் ஸ்ட்ரீட்டில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு பழைய மடத்தின் இடிந்த சுவர், அதற்குப் பின்னால் பெரிய கல் கட்டடம். மனைவி நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இதப் பாருங்க. மெட்ராஸ் காலேஜுன்னு சொல்றாங்க. நம்ம மெட்ராஸா?"

நம்ம மெட்ராஸ்தான். அது கல்லூரி அல்ல, பள்ளிக்கூடம். 1833இல் திறந்தது. 2021இல் பள்ளி ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது, பெயரையும் கூடவே கொண்டுபோய்விட்டது. நாம் 1996இல் மெட்ராஸைச் சென்னை ஆக்கிவிட்டோம். அவங்க மாத்தல.

பெயர் வந்த கதை சுவாரசியமானது. ஆண்ட்ரூ பெல் இதே ஊரில் 1753இல் பிறந்தவர், ஒரு முடிதிருத்துபவரின் மகன். 1787இல் இந்தியா வந்தார். ஒரே சமயத்தில் பல படைப்பிரிவுகளுக்குப் பாதிரியாராக இருந்து நன்றாகச் சம்பாதித்தார். 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் பள்ளியின் பொறுப்பு வந்தது. அங்கே படித்தவர்கள் வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகள். பெரும்பாலோருக்குத் தாய் இந்தியப் பெண். அந்த வேலைக்குப் பெல் சம்பளம் வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருநாள் அவர் குதிரையில் போகும்போது ஒரு 'மலபார் பள்ளி'யைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். மலபார் என்றதும் கேரளா என்று நினைக்க வேண்டாம். அந்தக் கால ஆங்கிலேயர் தமிழையும் தமிழரையும் அப்படித்தான் சொன்னார்கள். அவர் பார்த்தது நம்ம ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடம்.

எழும்பூர் திரும்பி, அரிச்சுவடியை மணலில் சொல்லிக்கொடுங்கள் என்றார். ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். உடனே ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அந்த வகுப்பைக் கொடுத்தார். பையன் செய்து காட்டினான். அதிலிருந்து பள்ளி முழுக்கவே பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு வந்தது. 1796இல் பெல் ஊர் திரும்பினார். 1797இல் லண்டனில் 'ஆன் எக்ஸ்பெரிமென்ட் இன் எஜுகேஷன்' என்ற சிறு நூலை வெளியிட்டார். அதுதான் பிறகு 'மெட்ராஸ் முறை' என்று பெயரெடுத்து ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது.

ஊர் திரும்பியதும் அந்த நூலைத் தேடிப் படித்தேன். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

நூல் கதை மாதிரி இல்லை. எங்கள் ஆபீஸில் எழுதும் பிராசஸ் டாக்குமென்ட் மாதிரி இருக்கிறது. வகுப்பைச் சொல்லிக்கொடுப்பவன், கற்பவன் என்று ஜோடி ஜோடியாகப் பிரிப்பது, ஒவ்வொரு நாள் பாடத்தையும் பதிவேட்டில் குறிப்பது, நன்றாகப் படித்தால் மேல் வகுப்பு, இல்லாவிட்டால் கீழ் வகுப்பு. தப்பு செய்தவன் பெயர் கறுப்புப் புத்தகத்தில் ஏறும், பிள்ளைகளே நடுவர்களாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். பிரம்படி வெகுவாகக் குறைந்ததாகப் பெருமைப்படுகிறார். இதெல்லாம் திண்ணைப் பள்ளியிலிருந்து எடுத்தது என்று சொல்ல முடியாது. நம்ம வாத்தியார்கள் கையாண்ட கோதண்டம் என்ன தண்டனை என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். பையனைக் கயிற்றில் தொங்கவிடுவது அது.

எனக்கு உறுத்துவது வேறு இடம். மணலில் எழுதும் வழக்கத்தை மலபார் பள்ளியிலிருந்து எடுத்ததாகப் பெல் ஒப்புக்கொள்கிறார். ஆனால் பையனே பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்கிறார். அந்த முறை முழுக்க நிற்பதே அந்த ஒன்றின் மேல்தான். மணல் வெறும் செலவு மிச்சம்.

திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று ஒருத்தன் உண்டு. வாத்தியார் இல்லாதபோது பள்ளியை நடத்துவதும், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஒப்பிக்கக் கேட்பதும் அவன் வேலை. உ.வே.சா. தன் சரித்திரத்தில் அவனைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பெல்லுக்குப் பிந்தைய காலம்தானே என்று கேட்கலாம். சரி, முந்தைய சாட்சி ஒன்று. பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி 1623இல் கர்நாடகத்து இக்கேரியில், கோயில் முகப்பில் சில பையன்கள் கணக்குப் படிப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். தரையில் மணலைப் பரப்பி, பாட்டாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்கள். வாத்தியார் இல்லை, ஒருவருக்கொருவர் கற்றுக்கொண்டார்கள். பெல் எழும்பூருக்கு வருவதற்கு 166 வருஷம் முன்பு இது.

இன்னொரு சாட்சி கம்பெனியே. 1814 ஜூனில் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் வங்காளத்துக்கு அனுப்பிய கடிதத்தில், இந்தியாவில் நெடுங்காலமாக இருந்துவரும் இந்தப் போதனை முறைதான் மெட்ராஸ் பாதிரியார் பெல் வழியாக இங்கிலாந்தில் ஏற்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள். தரம்பால் 1983இல் வெளியிட்ட 'தி பியூட்டிஃபுல் ட்ரீ' நூல் வழியாக இது நம் பக்கம் பலருக்குத் தெரியவந்தது.

சாஃப்ட்வேர்க்காரன் பாஷையில் சொன்னால், ஓபன் சோர்ஸ் கோடை எடுத்து நன்றாக மேம்படுத்தியிருக்கிறார். தப்பே இல்லை. ஆனால் நன்றி சொல்லும் இடத்தில் ஐகான் வரைந்தவர் பெயர் இருக்கிறது, முக்கிய ஃபங்ஷனை எழுதியவர் பெயர் இல்லை. இதைவிட வேடிக்கை, ஜோசப் லங்காஸ்டர் என்பவர் 1798இல் லண்டனில் இதே மாதிரிப் பள்ளி தொடங்கினார். முதலில் கண்டுபிடித்தது யார் என்று இரண்டு கட்சியும் வருஷக்கணக்கில் சண்டை போட்டன. உண்மையான உரிமையாளர் அந்தச் சண்டையில் ஆஜராகவே இல்லை.

இந்த இடத்தில் நம்ம ஆட்களையும் இரண்டு வார்த்தை சொல்லணும். 'உலகுக்கே கல்வி கொடுத்தது தமிழன் திண்ணை' என்று வாட்சப்பில் வருகிறது. 1822இல் மன்றோ ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார், சேலம் உட்பட எல்லா மாவட்டக் கலெக்டர்களும் பதில் அனுப்பினார்கள். மெட்ராஸ் மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. பெருமைதான். ஆனால் மக்கள்தொகையில் அது 67 பேருக்கு ஒருவர். பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். ஊர்த் திண்ணையில் தலித் பிள்ளைகளுக்கு இடமில்லை. பெல்லும் யோக்கியமில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும்கூடக் கட்டாயம் வேண்டியதில்லை என்கிற தொனியில் நூலின் பிந்தைய பதிப்பில் எழுதினார். இரண்டு பக்கமும் கதவை முழுசாகத் திறக்கவில்லை. எங்கள் வீட்டு டீச்சரம்மா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நானு ரெண்டு எடத்துலயும் வெளிலதான் நின்னுருப்பேனுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோல்ஃப் மைதானத்துக்குப் போனோம். பெரிய போட்டி நேரம் தவிர, ஓல்ட் கோர்ஸில் ஞாயிறன்று ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு புல்வெளியில் சாவகாசமாக நடக்கிறார்கள். நம்ம ஊர் மந்தை மாதிரி அது பொது நிலம். உழவுக்கு ஆகாத கடற்கரை மணல் மேடு. 1552இல் ஆர்ச்பிஷப் ஹாமில்டன் காலத்து ஆவணம் ஒன்று, அங்கே அவர் முயல் வளர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஊர்க்காரர்கள் கோல்ஃப் ஆடும் உரிமை அப்படியே இருக்கும் என்கிறது. 1800 வாக்கில் முயல் வியாபாரிகளுக்கும் கோல்ஃப்காரர்களுக்கும் பெரிய வழக்கே நடந்தது. உரிமை எழுத்தில் இருந்ததால் ஊர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஓல்ட் கோர்ஸில் ஒவ்வொரு குழிக்கும் தனிப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்தே அப்பாவுக்கு போன் போட்டேன். எண்பது தாண்டிவிட்டது, இப்போது நிறைய மறக்கிறார். சின்ன வயசில் மோகனூர் பக்கம் திண்ணைப் பள்ளியில் படித்தவர். காவேரி மணலைச் சலித்துப் பரப்பி 'அ' எழுதியதைச் சொன்னார். வாத்தியார் பெயர் கேட்டேன். யோசித்தார், வரவில்லை. சட்டாம்பிள்ளை பெயரைக் கேட்டதும் பட்டென்று சொன்னார். அவர் எந்தத் தெரு, வாய்ப்பாட்டை எந்த ராகத்தில் இழுப்பார் என்பது வரைக்கும் சொன்னார்.

"அவன்தானப்பா எங்களுக்குச் சொல்லிக்குடுத்தது. வாத்தியாரு சாயங்காலந்தான் கேப்பாரு."

பெல்லின் நூலுக்கு இதைவிட நல்ல விமர்சனம் என்னால் எழுத முடியாது. ஜான் ஃப்ரிஸ்கன் பெயர் 200 வருஷம் தாண்டியும் இருக்கிறது, ஏனென்றால் பெல் எழுதிவைத்தார். பெல் குதிரையிலிருந்து பார்த்த பையன்களின் பெயரை யாரும் எழுதவில்லை. நாமும் எழுதவில்லை. அப்பா சொன்னதை போனில் பதிவுசெய்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் திண்ணைப் பள்ளியில் படித்தவர் யாராவது இருந்தால், சட்டாம்பிள்ளை யார், என்ன சொல்லிக்கொடுத்தார், யாருக்கெல்லாம் திண்ணையில் இடமில்லை என்று இந்த வாரமே கேட்டுக் குறித்துவையுங்கள். அடுத்த லீவுக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.