முடிச்சும் கால்கட்டும்

ஆங்கில மரபுச்சொற்களைப் பயில்வதே நாகரிகத்தைப் பயில்வதாகும் என்று நம் இளைஞரிற் பலர் எண்ணுகின்றனர். விவாகம் பற்றிய சொற்களில் இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

“டை தி நாட்” என்றால் மணம் புரிதல் என்று பயிற்சிப் புத்தகங்கள் பொருள் கூறி, அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றன. முடிச்சுப் போடுதல் என்பதே அதன் நேர்ப்பொருள். மூன்று முடிச்சுப் போடும் நமக்கு இதிற் புதுமை என்ன? “கிவ் அவே” என்பது மணப்பெண்ணைத் தந்தை கொடுத்துவிடுதல். இப்பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று குருவானவர் வினவும் சடங்கு, இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு வழிபாட்டு நூலிலேயே இருக்கிறது. இது நமது கன்னிகாதானத்தின் உடன்பிறப்பன்றோ?

மனைவியைப் பரிகாசமாக “பால் அண்ட் செயின்” என்பர்; கைதியின் காலிற் பூட்டும் இரும்புக்குண்டும் சங்கிலியும் என்பது பொருள். “பையனுக்கு ஒரு கால்கட்டுப் போட்டுவிடுங்கள்” என்று லயத்து வாசலிற் பாட்டி சொன்னால் நகைக்கும் வாலிபர், அதையே ஆங்கிலத்திற் கேட்டால் ரசிக்கின்றனர்! மணமாகாமல் வயதேறிய பெண்ணை “ஆன் தி ஷெல்ஃப்” என்பர். விலைபோகாமல் அலமாரியிற் கிடக்கும் சரக்காம். நம்மவர் மட்டும் இளைத்தவரா? கணவனைப் பிரிந்தவளுக்கு ‘வாழாவெட்டி’ என்று பட்டம் சூட்டினர். மனைவியைப் பிரிந்தவனுக்கு அப்படியொரு பட்டம் இல்லை.

நிற்க. “பாப் தி கொஸ்டியன்” என்ற சொல்லில் மட்டும் வேற்றுமை உண்டு. என்னை மணக்கச் சம்மதமா என்று கேட்டுவிடுதல் என்பது அதன் கருத்து. அங்கே வினா மணக்கப்போகிறவளிடம் செல்கிறது. நம் ‘பெண் கேட்ட’லோ அவள் தகப்பனாரிடம் செல்கிறது. நாம் கைக்கொள்ளத்தக்கது இவ்வொன்றே.

இஃது அந்நியச் சரக்கு என்று தள்ளவும் இயலாது. சுயமரியாதைத் திருமணத்தை ஏற்ற தமிழ்நாட்டின் 1967-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், மணமக்கள் தமக்கு விளங்கும் மொழியில், ஒருவரையொருவர் ஏற்பதாகத் தாமே கூறி மணக்க வழிசெய்தது. இந்நாட்டில் 1982 மார்ச்சு முதல் நடைமுறையிலுள்ள 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமும், இருவரும் மனமுவந்து சம்மதித்தனரா என்பதைப் பதிவதிகாரி அறிந்த பின்னரே மணத்தை நடத்த வேண்டும் என்கிறது. பதிவதிகாரி மதிக்கும் சம்மதத்தைப் பெற்றவர் கேளாதிருப்பது முறையா?

“மகளைக் கட்டிக்கொடுத்தேன்” என்கிறோம். கடைக்காரர் பொட்டலத்தையும் கட்டித்தான் கொடுக்கிறார். “மகள் மணம் புரிந்தாள்” என்று சொல்லிப் பழகுவோம். சொல்லுமுன் அவளைக் கேட்கவும் பழகுவோம். ஆங்கிலம் பயிலும் வாலிபர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.

— ஒரு தோட்டக் கிராணி, புக்கிட் பெலண்டோக்