நாடகாசிரியரின் அன்றாடத்தை எப்படி ரசிப்பது

நாடகம் பார்க்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பாயும் போர்வையுமாகப் போய் விடியவிடியக் கூத்துப் பார்த்த தலைமுறை திருகோணமலைப் பக்கத்துச் சல்லியிலும் சாம்பல்தீவிலும் இன்னும் இருக்கிறது. எந்த இடத்தில் மத்தளம் சூடுபிடிக்கும், எந்த வரவுக்குத் தூக்கத்தை உதறிவிட்டு எழுந்து உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் நாடகம் எழுதிய ஒருவர் தன் வாழ்க்கையை எழுதி வைத்த புத்தகம் கையில் கிடைத்தால் இருபது பக்கத்தோடு மூடிவிடுகிறோம். எந்தத் திகதியில் எந்த நாடகம், எந்த மண்டபம், யார் யார் எந்த வேடம் என்று பட்டியலாகப் போகிறதே என்ற அலுப்பு. அந்தப் பட்டியலுக்குள்தான் ஒரு மனிதரின் உழைப்பும் விளையாட்டும் துக்கமும் கிடக்கின்றன. அவற்றை எடுக்கத் தெரிந்துகொண்டால் நாவல் தராத சுகத்தை இந்தப் புத்தகங்கள் தரும்.

தொடங்குவதற்கு நான் எல்லோரிடமும் சொல்வது பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடகமேடை நினைவுகள்'. அவர் நூல்கள் நாட்டுடைமையானவை. இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். 1873இல் சென்னையில் பிறந்தவர், 1964இல் காலமானார். தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். படித்தவர்கள் தமிழ் நாடகம் என்றால் முகம் சுளித்த காலம் அது. பம்மலும் அப்படித்தான் இருந்தார். பல்லாரி கிருஷ்ணமாச்சாரியாரின் தெலுங்குக் குழு சென்னைக்கு வந்து ஆடியதைப் பார்த்தபோது மனம் மாறியது. மேடையில் நின்றவர்கள் படித்து, உத்தியோகம் பார்க்கிறவர்கள். நம்மாலும் முடியுமே என்று நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 1891இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

இந்த மாதிரிப் புத்தகத்தில் முதலில் தேட வேண்டியது, அவருக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்பது. பம்மல் 1898இல் வழக்கறிஞரானார். 1924 முதல் 1928 வரை சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாக இருந்தார். அவரோடு நடித்தவர்களும் மாணவர்கள், வக்கீல்கள், அலுவலகம் போகிறவர்கள். சம்பளத்துக்காக மேடை ஏறியவர்கள் அல்ல. அப்படியானால் ஒத்திகை எப்போது நடந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டே பக்கத்தைப் புரட்டுங்கள். கச்சேரி வேலை முடிந்த பின், வீட்டுக் கடமை போக, மிஞ்சிய நேரத்தில். ஒரு புதிய நாடகம் மேடை ஏறியது என்று அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவார். அந்த வரிக்குப் பின்னால் எத்தனை மாலைகள் போயிருக்கும் என்று நீங்களே மனதுக்குள் விரித்துப் பார்க்க வேண்டும். ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கியதும், மாக்பெத்தை 'மகபதி' ஆக்கியதும், வெனிஸ் வணிகனை 'வாணீபுர வணிகன்' ஆக்கியதும் அந்த மிஞ்சிய நேரத்தில்தான். முழுநேர எழுத்தாளனுக்குத்தான் பெரிய வேலை கைகூடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தரம் படிக்கட்டும்.

இரண்டாவது தேட வேண்டியது பெயர்கள். இதில் அவசரப்படக் கூடாது. பென்சிலை எடுத்து ஒரு பெயர் வருமிடமெல்லாம் கோடிடுங்கள்: சி. ரங்கவடிவேலு. அந்தச் சபாவில் பெண் வேடங்களையும் ஆண்களே போட்டார்கள். பம்மல் கதாநாயகன் என்றால் ரங்கவடிவேலு கதாநாயகி. ஆண்டுக்கணக்காக அப்படியே. முதலில் அது வேடப்பட்டியலில் ஒரு பெயராகத்தான் தெரியும். பிறகு ஊருக்கு ஊர் கூடவே பயணம் போகிற ஆளாகத் தெரியும். பிறகு, இவருக்குப் பொருந்துமா என்று எண்ணிப் பார்த்தே பம்மல் பாத்திரங்களை வடிக்கிறார் என்பது பிடிபடும். எந்த வசனத்தை எப்படிச் சொன்னார், எந்தக் காட்சியில் அவர் கண் பேசியது என்றெல்லாம் நண்பனைப் பற்றி எழுதும்போது பம்மலின் உரைநடை இளகிப்போவதை நீங்களே உணர்வீர்கள். ஒருவர் மேல் வைத்த அன்பை இப்படி நடிப்பின் நுணுக்கங்களாகவே எழுதிக் காட்டியவர்கள் தமிழில் மிகக் குறைவு.

அந்த நண்பர் பம்மலுக்கு வெகுகாலம் முன்பே இறந்துபோனார். துக்கத்தைப் பற்றிய பெரிய அத்தியாயம் ஒன்று எங்கோ காத்திருக்கும் என்று எதிர்பார்த்துப் படித்தால் ஏமாந்துபோவீர்கள். துக்கம் அந்தப் புத்தகம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. பழைய நாடகத்தைச் சொல்லும்போது திரும்ப வருகிறது. வேறொருவர் அந்த வேடத்தை ஏற்றதைச் சொல்லும்போதும் வருகிறது. பம்மல் இந்த நினைவுகளை எழுதியபோது நண்பர் உயிரோடு இல்லை. ஆகவே முதல் பக்கங்களின் கலகலப்பைக்கூட இழந்தவர்தான் எழுதியிருக்கிறார். கடைசிவரை படித்துவிட்டு மறுபடி முதலுக்குப் போனால், இளமைக்கால ஒத்திகைகளைப் பற்றிய சாதாரண வாக்கியங்களே தொண்டையை அடைக்கும்.

இந்த இடத்தை எங்கள் ஊரில் வைத்துப் படிப்பதற்கு ஒரு தனிப் பொருத்தம் இருக்கிறது. 2004 மார்கழி 26இல் கடல் இந்தக் கரைக்குள் ஏறி வந்து பலரைக் கொண்டுபோனது. கரைவலை இழுக்கும் வரிசையில் கயிற்றில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. ஆள் குறைந்தால் மற்றவர்கள் நெருங்கி நின்று கயிற்றைப் பிடிப்பார்கள். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு நிற்காது, பாட்டுக்கு முன்குரல் கொடுக்கிற ஆள் மட்டும் மாறியிருப்பார். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை முடித்துவிட்டு அடுத்த நாளே தொழிலுக்குப் போகிறவர்கள் எங்களுக்குப் புதியவர்கள் அல்ல. இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் அது என்று ஐதீகம். நண்பனை இழந்தும் சபாவின் அடுத்த நாடகத்துக்கு வேடம் பங்கிட்ட மனிதரைக் கல்நெஞ்சர் என்று நினைக்க எங்களுக்குத் தோன்றாது. வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததுதான் அவர் துக்கம் காத்த விதம் என்று நான் நம்புகிறேன்.

அடுத்து, ஒரே நாடகத்தை அவருடைய வயதோடு பிடித்துப் பாருங்கள். 'மனோகரா' இதற்கு ஏற்றது. 1895இல் முதலில் மேடையேறியபோது பம்மலுக்கு வயது 22. மனோகரனாக அவரே நடித்தார். தாய்க்குக் கொடுத்த வாக்கால் கைகட்டி நிற்கும் மகன், சபையில் சங்கிலியோடு நிறுத்தப்படும் மகன். 1936இல் அது படமானபோது அவருக்கு வயது 63. அதே கதையில் மகனைச் சங்கிலியில் நிறுத்தும் தந்தை புருஷோத்தமனாக நடித்தார். மகனின் கோபத்தை எழுதிய கை, நாற்பது வருடம் கழித்துத் தந்தையின் மடமையைச் சுமந்தது. 1954இல் வந்த சிவாஜியின் 'மனோகரா' பார்த்தவர்கள், கலைஞரின் வசனத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பம்மலின் மூல நாடகத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வேகம் வேறு, நிதானம் வேறு. படத்தின் வசனம் கைதட்டலுக்காகக் காத்திருக்கும். நாடகத்தின் வசனம் எதிரே நிற்பவரின் பதிலுக்காகக் காத்திருக்கும்.

மேடையை விட்டு வெளியே அவர் என்ன செய்தார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். சிவாலயங்களைத் தேடிப் பார்ப்பதில் அவருக்குத் தணியாத ஆசை. இந்தியாவிலும் அதற்கு அப்பாலும் உள்ள சிவாலயங்களைப் பற்றியும், சிவாலயச் சிற்பங்களைப் பற்றியும் நூல்களே எழுதியிருக்கிறார். கோணேசர் மலையடிவாரத்தில் வளர்ந்த எனக்கு இது மிகவும் பிடித்த பகுதி. நாடகங்களை வரிசைப்படுத்தி எழுதிய அதே ஒழுங்கோடு கோயில்களையும் வரிசைப்படுத்துகிறார். பெயர், இடம், கண்ணால் கண்டது என்று பதிந்துவைக்கும் குணம் அவருக்குப் பிறவிக்குணம் போலும். அந்தக் குணத்தால்தான் ரங்கவடிவேலுவும் நமக்குக் கிடைத்தார்.

இலங்கை வாசகருக்கு இன்னொரு வாசலும் உண்டு. 1911இல் சுகுண விலாச சபா கப்பலேறிக் கொழும்புக்கு வந்து நாடகம் ஆடியது. அந்த வருகையின் சூட்டில்தான் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபாவும் யாழ்ப்பாணத்தில் சரஸ்வதி விலாச சபாவும் தோன்றின. பம்மலைக் குருவாகக் கொண்ட கலையரசு க. சொர்ணலிங்கம் 1968இல் 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்று தன் கதையை எழுதினார். இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குரு எழுதிய பாணியைச் சீடர் எங்கே பின்பற்றுகிறார், எங்கே விலகுகிறார் என்று பார்ப்பது ஒரு மழைக்கால விடுமுறைக்குப் போதுமான வேலை.

துக்கத்தை மட்டும் துரத்திக்கொண்டு போக வேண்டாம். நடுவில் 'சபாபதி'யை எடுங்கள். அசட்டு எசமான், அவரை மிஞ்சிய அசட்டு வேலைக்காரன். 1941இல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த படமாக வந்து இன்றும் தொலைக்காட்சியில் சிரிக்கவைக்கிறது. இதைத் தனியாகப் படித்தால் பாதிச் சிரிப்புத்தான். வாசிகசாலையில் நாலைந்து பேர் வேடம் பங்கிட்டு உரக்கப் படியுங்கள். வேலைக்காரன் வேடத்தை உங்களில் ஆகக் கெட்டிக்காரரிடம் கொடுங்கள். அசடனாக நடிக்கக் காலக்கணக்கு வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் சிரிப்பு வராது. இதை எழுதியவரும் ரங்கவடிவேலுவைப் பறிகொடுத்தவரும் ஒரே ஆள் என்பது அப்போது உங்களுக்கு உறைக்கும்.

இவ்வளவும் பழகிய பின் செய்ய வேண்டிய வேலை ஒன்று கிடக்கிறது. உங்கள் ஊரில் கூத்துப் பழக்கிய அண்ணாவியார், கோயில் திருவிழாவுக்கு நாடகம் எழுதிய வாத்தியார் என்று யாராவது இருப்பார்கள். அவரிடம் போய் உட்காருங்கள். நாடகத்தின் கதையைக் கேட்காதீர்கள், அதை ஊரே சொல்லும். பகலில் என்ன தொழில் செய்தீர்கள், சட்டம் கொடுத்த அன்று, அதாவது வேடங்களைப் பங்கிட்ட அன்று, யார் யார் வந்தார்கள், எந்த வேடத்துக்கு ஆள் கிடைக்காமல் அலைந்தீர்கள், அரங்கேற்றத்துக்கு முன் வீட்டில் செத்தவீடு நடந்தால் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். கைபேசியில் பதிவுசெய்யுங்கள். அவர் சொல்லும் ஆட்களின் பெயர்களை மட்டும் கொப்பியில் தனியாக எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டிப் பிழை திருத்திக்கொள்ளுங்கள்.